கட்டைக் குரலும் யப்பானியப் பாட்டும்

மலர்க்குழுச் செயலாளர் கட்டுரை கேட்டு எனக்கு எழுதிய கடிதத்தில், "கல்லூரி நினைவுகளாயின் நலம், வேறு பொருளாயினும் தடையில்லை" என்று ஒரு வரி சேர்த்திருந்தார். அவ்வரியின் பிற்பாதியைப் பற்றிக்கொண்டு நான் எழுதப் புகுந்திருக்கும் பொருளைக் கண்டு அவர் முகஞ்சுளிக்கவுங் கூடும். யப்பானியர் கரோக்கே என வழங்கும் கருவியின் முன்னே நின்று, ஆண்மகன் ஒருவன் எந்த யப்பானியப் பாட்டைப் பாடினால் அவையோர் மகிழ்வர் என்பதே அப்பொருள். வெள்ளிதோறும் சிவபுராணம் ஒலித்த மண்டபத்தில் வளர்ந்தவனுக்கு இது தகுமோ என்று ஐயுறும் அன்பர்கள் சற்றே பொறுத்தருள வேண்டும். கல்லூரியும் வரும், ஆனால் நான் விரும்பும் வேடத்தில் அது வராது.

சென்ற ஆண்டு நமது சங்கத்தின் கண்டிக் கிளையினர் இராப்போசன விருந்தொன்றுக்கு ஒழுங்கு செய்தனர். முன்னொருகாற் பேராதனையிற் பணிபுரிந்து ஓய்வுபெற்ற யப்பானியப் பேராசிரியர் ஒருவர் அவ்வேளை கண்டிக்கு வந்திருந்தார். அவரையும் அழைப்பது என்று தீர்மானமாயிற்று. அழைத்தால் மட்டும் போதாது, அவர் நாட்டுப் பாட்டு ஒன்றிரண்டையேனும் நம்மவர் பாடவேண்டும் என்று கிளையின் இளைய அங்கத்தவர் மூவருக்கு ஆசை பிறந்தது. ஒரு மழை மாலையில், குடையை வாசலிற் சாத்திவிட்டு, கட்டுக்கலையில் உள்ள என் வீட்டுக்கு அவர்கள் வந்து சேர்ந்தனர். பேராதனைப் பல்மருத்துவ பீடத்தின் ஆய்வுகூடத்தில் இருபத்தைந்து ஆண்டுக்கு மேலாக உத்தியோகம் பார்த்தவன் நான். அப்பீடத்துக்கு யப்பானிய அரசு புதிய கட்டடமும் மருத்துவமனையும் அமைத்துக் கொடுத்தது 1998ஆம் ஆண்டில். அதன் தொடர்பில் 1999ஆம் ஆண்டு ஏழு மாதம் ஒசாக்கா நகரிற் செயற்கைப் பல் வார்க்கும் நுட்பம் பயின்று வந்தேன். கிளையில் யப்பானியப் பாட்டைப் பற்றி விசாரிக்க வேறு ஆளில்லை.

வந்தவர்கள் தங்கள் கைத்தொலைபேசியிற் சில பாட்டுக்களைத் தேர்ந்து கொண்டுவந்திருந்தனர். யாவும் இக்காலத்தவை. கேட்டுப் பார்த்தேன். பாடகர்கள் ஆடவரே, ஆயினும் குரல் பெண்குரலின் எல்லையைத் தொட்டுத் தொட்டு மீள்கின்றது. ஒருவர் பாடிக் காட்டினார். முதலிரண்டு அடி இனிமையாகவே இருந்தது. மூன்றாம் அடியில் அவருடைய கழுத்து நரம்பு புடைத்தது. நான்காம் அடியில் என் மனைவி தேநீர்த் தட்டுடன் கதவருகிலேயே நின்றுவிட்டாள்.

நம்மவர்க்கும் இந்நோய் உண்டு. கலியாண வீடுகளில் ஒலிவாங்கி கையிற் கிடைத்ததும் சீர்காழி கோவிந்தராஜன் தொட்ட உச்சத்தைத் தொட முயன்று, தொடாமற் திரும்பும் மாமன்மாரை நாம் எத்தனைபேரைக் கண்டிருக்கிறோம்! அதே மாமன் பி. பி. ஸ்ரீநிவாஸ் பாடிய மென்பாட்டு ஒன்றை மெல்லத் தொடங்கியிருந்தால் பந்தியில் இருந்தோர் தாமும் சேர்ந்து முணுமுணுத்திருப்பர். பாட்டின் மேன்மை வேறு, பாடுவோன் குரலுக்கு அது பொருந்துதல் வேறு.

இவ்வுண்மையிலிருந்துதான் கரோக்கேயே பிறந்தது என்பதைப் பலர் அறியார். கோபே நகரத்து மதுச்சாலைகளில், பாட விரும்பும் வாடிக்கையாளருக்குப் பக்கவாத்தியம் வாசித்துப் பிழைத்தவர் இனோவே தைசுகே என்பவர். சிறு கம்பனி ஒன்றின் தலைவர் அவரிடம் வந்து, வேற்றூரில் ஒரு விருந்து உண்டு, அங்கே தன்னைப் பாடச் சொல்வார்கள், தன் குரலின் குறைநிறை அறிந்து வாசிக்க வல்லவர் நீரொருவரே, உடன்வர வேண்டும் என்று கேட்டார். இனோவேயாற் போக இயலவில்லை. அந்த மனிதரின் குரலுக்குத் தக்கபடி வாத்தியத்தை மட்டும் ஒலிநாடாவிற் பதிந்து கொடுத்தனுப்பினார். அவ்வெண்ணமே வளர்ந்து, 1971ஆம் ஆண்டில், நாணயம் இட்டால் வாத்தியம் ஒலிக்கும் பெட்டியாயிற்று. முதலில் பதினொரு பெட்டிகள் செய்து மதுச்சாலைகளுக்கு வாடகைக்கு விட்டாராம். காப்புரிமை பெறவில்லை. தோக்கியோவில் நெகிஷி ஷிகெயிச்சி என்பவர் 1967இலேயே இத்தகைய பெட்டி ஒன்றைச் செய்திருந்தார் என்பதையும் சொல்லிவிடுதல் நீதி. 'கரா' என்றால் வெறுமை. 'ஓகே' என்பது வாத்தியக் குழுவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் யப்பானியக் குறுக்கம். பாடகன் இல்லாத வாத்தியக் குழு என்று பொருள் கொள்ளலாம். நான் ஒசாக்காவில் இருந்த அந்த 1999ஆம் ஆண்டிலேயே, நூற்றாண்டின் செல்வாக்கு மிக்க ஆசியர் இருபதின்மருள் இனோவேயையும் ஒருவராக 'டைம்' சஞ்சிகை வைத்தது. காந்தியடிகள் இருந்த பட்டியல் அது. என்னுடன் பயின்ற யப்பானியர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தனர்.

நிற்க. இளைஞர்களுக்கு நான் கூறியவற்றை இங்கே சுருக்கித் தருகிறேன். குரல் தாழ்ந்தவர்க்கு முதலில் இஷிஹாரா யூஜிரோ. அவர் சினிமா நடிகர். பாடுவது பேசுவது போலவே இருக்கும். 1967ஆம் ஆண்டில் வந்த 'யோகிரி யோ கொன்யா மோ அரிகாத்தோ' என்னும் இரவுப்பனிப் பாட்டு மார்புக் குரலிலேயே நடப்பது. மூச்சும் அதிகம் வேண்டாதது. பெண்மணி ஒருவர் துணைக்குப் பாட இசைந்தால் அவருடைய 'கின்சா நோ கோய் நோ மொனொகத்தாரி' இன்னும் நன்று. ஆணும் பெண்ணும் மாறிமாறிப் பாடும் அப்பாட்டு 1961இல் வெளிவந்தது. பாதிப் பாரத்தைப் பெண்மணி சுமப்பதால் ஆண்மகனின் பிழை அவ்வளவு தெரியாது. அதற்கும் முந்தியவர் பிராங்க் நகாய். அமெரிக்கப் படைமுகாம்களில் ஜாஸ் பாடிக்கொண்டிருந்து, பின் தாழ்குரல் ஒன்றையே மூலதனமாகக் கொண்டு புகழ்பெற்றவர். 'யூராக்குச்சோ தெ அயிமஷோ' என்னும் அவருடைய பாட்டு 1957ஆம் ஆண்டினது. எழுபதைக் கடந்த யப்பானியர் அதைக் கேட்டாற் கண்ணை மூடிக்கொள்வர். இளையவர் பலகாரத் தட்டைத் தேடுவர். அவையின் வயதையும் பார்க்கவேண்டும் அல்லவா?

எவ்வயதினரும் சேர்ந்து பாடத்தக்கது சகமோத்தோ கியூ 1961இற் பாடிய 'உஏ ஓ முயிதே அருகோ'. கண்ணீர் நிலத்தில் விழாதபடி அண்ணாந்து நடப்போம் என்பது அதன் கருத்து. மேல்நாட்டார் அதற்கும் பாட்டுக்கும் சம்பந்தமேயில்லாத 'சுக்கியாக்கி' என்ற இறைச்சிக் கறியின் பெயரைச் சூட்டினர்; அப்பெயருடனேயே 1963இல் அமெரிக்கப் பாட்டுப் பட்டியலின் முதலிடத்தைப் பெற்றது. சகமோத்தோ 1985ஆம் ஆண்டு ஓகஸ்ட் 12ஆந் திகதி விமான விபத்தில் மாண்டார். அப்பாட்டில் சீழ்க்கைக்கு என்று ஓரிடம் இருக்கிறது. சுரம் தப்பியவன் அங்கே சீழ்க்கையடித்துத் தன்னைத் தேற்றிக்கொள்ளலாம். சீழ்க்கையும் வாராதவன் கைதட்டலாம்.

தனிமுரா ஷிஞ்சியின் 'சுபாரு' 1980இல் வந்த கம்பீரமான பாட்டு. தாழத் தொடங்குவதை நம்பி ஏமாறக்கூடாது. முடிவிற் படிப்படியாக ஏறிச் சபையையே எழுப்பும். ஏறமாட்டாதவனைப் பாதிவழியில் விட்டுவிடும். மிசோரா ஹிபாரி பெண்பாடகரேயாயினும் அவர் குரலின் தாழ்வு காரணமாக, அவர் மறைந்த 1989ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வந்த 'காவா நோ நாகரே நோ யோ நி' ஆடவர்க்கும் கைவரும். ஆற்றொழுக்குப் போன்ற வாழ்வு என்பது அதன் பொருள். மகாவலிக் கரையில் வாழும் நமக்கு விளக்கவும் வேண்டாம்.

இவ்வளவும் கூறியபின் ஓர் எச்சரிக்கையும் செய்தேன். யப்பானில் ஒவ்வொருவருக்கும் தமக்கே உரிய பாட்டு ஒன்றிருக்கும். அதைப் 'பதினெட்டாம் இலக்கம்' என்று பொருள்படும் சொல்லால் வழங்குவர். கபுக்கி நாடகத்தில் இச்சிகாவா குடும்பத்தார் தமக்கே உரியனவாக வகுத்த பதினெட்டு நாடகங்களிலிருந்து வந்த வழக்கு அது. பெரியவர் ஒருவரின் பதினெட்டாம் இலக்கத்தை அவர் பாடுமுன் இளையவன் பாடிவிடலாகாது.

மொழிக்கு என்ன செய்வது என்று ஒருவர் கேட்டார். தமிழெழுத்தில் எழுதுங்கள் என்றேன். யப்பானிய உயிர் ஐந்தும் நம் அ, இ, உ, எ, ஒ என்பனவற்றிற் சென்று அமரும். குறில் நெடில் வேறுபாடும் அங்குண்டு. 'ஒபசன்' என்றால் மாமி, 'ஒபாசன்' என்றால் பாட்டி. விருந்துக்கு வந்த அம்மையாரை எவ்வாறு அழைப்பது என்பது ஒரு மாத்திரையில் தங்கியிருக்கிறது. யப்பானிய அறிஞர் ஓனோ சுசுமு இரு மொழிக்கும் உறவு கற்பித்ததும், யாழ்ப்பாணத்துப் பேராசிரியர் சண்முகதாஸ் தம்பதியர் அவருடன் ஆய்வு செய்ததும் நம்மவர் அறிந்ததே. மொழியியலார் பலர் அதனை ஏற்கவில்லை. பாட்டு எழுதிக்கொள்வதற்கு அவர்களுடைய தீர்ப்பு வேண்டியதில்லை.

அப்போது மூவருள் இளையவர், "ஐயா, ஆண்களுக்கேற்ற பாட்டு என்று தேடும்போதெல்லாம் 'கித்தகுனி நோ ஹாரு' என்று ஒன்று வருகிறதே, அதை ஏன் சொல்லவில்லை?" என்றார்.

அது வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டனர். மழை விட்டுவிட்டது, நேரமாகிறது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர்களுக்குக் கூறாத காரணத்தை இங்கே எழுதுகிறேன்.

கல்லூரியின் கீழ்ப்பிரிவிற் படித்த காலத்தில் எனக்கு நல்ல சாரீரம் இருந்தது. வெள்ளிக்கிழமைப் பூசையில் தேவாரம் எடுத்துக் கொடுப்பவன் நானே. ஐந்து கட்டையில் நின்று பாடுவேன். பதின்மூன்று வயது நிறைந்த ஆண்டின் நவராத்திரியில், பெற்றாரும் பழைய மாணவரும் நிறைந்திருந்த சபையில், வழக்கம்போலச் சுருதிப்பெட்டி ஐந்து கட்டையில் ஒலிக்க, வாய் திறந்தேன். முதலடியிலேயே குரல் உடைந்தது. விடியற்காலத்துச் சேவற்குஞ்சின் கூவல் போன்ற ஓசை ஒன்று வந்தது. மாணவர் சிரித்தனர், பெரியோர் சிலரும் சிரித்தனர். சபையின் கடைசி வரிசையில் ஐயா இருந்தார். அவர் சிரிக்கவில்லை. வீடு செல்லும்வரை ஒன்றும் பேசவுமில்லை. அவர் பேசாதது இயல்பு. வெங்காயத் தோட்டத்திலும் சரி, வீட்டிலும் சரி, ஐயாவும் அண்ணாவும் நாளொன்றுக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். ஆனால் அன்று அந்த மௌனத்தை நான் வேறுவிதமாக விளங்கிக்கொண்டேன். அதன்பின் பாடவேயில்லை. ஆண்குரல் ஒன்றரைக் கட்டையில் இறங்கி அமரும், அங்கிருந்து பாடலாம் என்று எனக்கு அக்காலத்தில் ஒருவரும் சொல்லவில்லை. 'சேவற்குஞ்சு' என்ற பட்டம் மட்டும் நிலைத்தது. கண்டிக் கிளையில் என் வகுப்புத் தோழர் ஒருவர் இன்றும் என்னை அப்பெயராலேயே அழைக்கிறார்.

எழுபதுகளில் உத்தியோகம் பெற்றுப் பேராதனைக்கு வந்தேன். அம்மா ஒடியல் மாவும் பனாட்டும் மிளகாய்த்தூளும் பொதிசெய்து, யாழ்தேவியில் வரும் ஊரவர் எவரிடமேனும் கொடுத்தனுப்புவார். பொல்கஹவெலச் சந்தியில் வண்டி மாறிக் கண்டிக்கு வரும் அப்பொதியில், வேண்டும் என்று நான் கேளாத பொருள் ஒன்று எப்போதும் இருக்கும். பின்னர் யாழ்தேவி நின்றது, பாதையும் மூடப்பட்டது. ஐயா காலமானது 1997ஆம் ஆண்டில். செய்தி எனக்கு எட்டியது பதினோராம் நாள். சுடலைக்குப் போக முன் திருப்பொற்சுண்ணம் பாடினார்கள், யார் பாடினார்கள் என்று நான் எவரையும் கேட்கவில்லை.

இவ்வளவு பாரத்துடன்தான் ஒசாக்கா சென்றேன் என்று சொன்னால் மிகையாகும். அங்கு சென்றபோது பல் வார்ப்பதைத் தவிர வேறு நினைவில்லை. முதல் வெள்ளிக்கிழமை இரவே எமக்குக் கற்பித்த ஆசான் எங்களைப் பாடும் கூடம் ஒன்றுக்கு அழைத்துச் சென்றார். சிறிய அறை, பெரிய திரை. எல்லோரும் பாடினர். என் முறை வந்தது. பாடமாட்டேன் என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. மூன்றாவது வாரமும் மறுத்தேன். ஐந்தாவது வாரம், எழுத்துக்கூட்டி வாசிக்கும் பயிற்சிக்காக என்று சொல்லி, 'கித்தகுனி நோ ஹாரு' என்னும் பாட்டைத் தந்தார். சென் மசாஓ 1977இற் பாடிப் புகழ்பெற்றது. எண்டோ மினோரு இசையமைத்தது. சீனம் முதலாக ஆசிய நாடுகள் பலவற்றிலும் பரவியது. தலைப்பின் பொருள் என்னவென்று கேட்டேன். 'வடநாட்டு வசந்தம்' என்றார்.

பட்டணத்தில் இருக்கும் ஒருவன், ஊரிலிருந்து தாய் அனுப்பிய சிறு பொதியைக் கண்டு வடக்கே உள்ள தன் ஊரை நினைக்கிறான். அங்கே இப்போது பூப்பூத்திருக்கும். கடைசிப் பகுதியில் தந்தையும் தமையனும் வருகின்றனர்: பேச்சுக் குறைந்த அவ்விருவரும் எப்போதாவது ஒன்றாயிருந்து மது அருந்துவார்களோ என்று எண்ணுகிறான். திரும்பிப் போகலாமா என்று தன்னையே கேட்கிறான். ஆசான் ஆங்கிலத்தில் அரைகுறையாக விளக்கி முடித்தபோது நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வடக்கிலிருந்து ஒரு பொதியும் வந்து அப்போது ஒன்பது ஆண்டாகியிருந்தது.

இன்னொன்றும் கவனித்தேன். அம்மெட்டில் மத்திமமும் நிஷாதமும் இல்லை. நாலும் ஏழும் நீக்கியது என்றே யப்பானியர் அந்தச் சுரவரிசைக்குப் பெயரிட்டிருக்கின்றனர். ச, ரி, க, ப, த: நமது மோகனம். சிறுவயதில் என் நாவிற் பழகிய இராகம் அது. வாத்தியம் தொடங்கியது. வாய் திறந்தேன், இரண்டாம் அடியில் தொண்டை இறுகியது. ஐந்து கட்டைக் காலத்து அச்சம் வந்து முன்னே நின்றது. ஆசான் ஒன்றும் பேசாமல் கருவியின் விசையை மூன்று முறை அழுத்தினார். சுருதி மூன்று அரைச்சுரம் இறங்கியது. பாட்டு என்னிடம் வந்தது. அவ்வளவுதான். முப்பத்துமூன்று ஆண்டு நான் மலையென்று எண்ணியிருந்ததை மூன்று அழுத்தில் ஒரு மனிதர் என் காலடியில் இறக்கிவைத்தார். நான் பாடி முடித்தபோது அவர் வேறு எவருக்கோ தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

பாதை 2002இல் திறந்தபோது ஊருக்குச் சென்றேன். அம்மாவும் அதற்குமுன் மறைந்துவிட்டார். அண்ணாவும் நானும் இரவு திண்ணையில் இருந்தோம். ஐயாவைப் போலவே அவரும் வெளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரத்தின்பின், "நீ யப்பானிலை பாடினனியாம்?" என்றார்.

"ஓம் அண்ணை."

"எங்கை, பாடு பாப்பம்."

பாடினேன். ஒரு சொல்லும் அவருக்கு விளங்கியிராது. முடிந்ததும், "அண்டைக்குச் சரசுவதி பூசையிலை நீ பாடேக்கை, 'பெடியனுக்குச் சுருதியைக் குறைச்சு விட்டிருக்கலாம்' எண்டு ஐயா வந்து சொன்னவர்" என்றார். பத்து வார்த்தைக்கு மேலாகிவிட்டது. எழுந்து படுக்கப் போய்விட்டார்.

அண்ணாவும் இப்போது இல்லை. இதனாலேயே அப்பாட்டை நான் பட்டியலிற் சேர்க்கவில்லை. அவருக்குப்பின் அதைப் பாடவுமில்லை.

விருந்து இனிது நடந்தது. இளைஞர் மூவரும் 'உஏ ஓ முயிதே அருகோ'வைப் பாடினர். சீழ்க்கை வரும் இடத்தில் சபை முழுவதும் சீழ்க்கையடித்தது; முன்னாள் அதிபர் ஒருவரும் அடித்தார் என்பதை இம்மலரிற் பதிவு செய்துவைத்தல் என் கடமை. வங்கி முகாமையாளர் ஒருவர் யூஜிரோவின் இரவுப்பனிப் பாட்டை, உண்மையான கண்டிப் பனிபோலவே தாழ்வாகவும் கலங்கலாகவும் பாடி நிறைந்த கைதட்டல் பெற்றார். பின்னர்ப் பேராசிரியரைப் பாடும்படி கேட்டோம். அவருக்கு வயது எண்பதை அண்மியிருக்கும். மெதுவாக எழுந்து, தம் பதினெட்டாம் இலக்கம் இதுவென்று சொல்லி, இலக்கத்தை அழுத்தினார். முதல் நான்கு சுரம் கேட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

முதற்பகுதியை அவர் தனியாகப் பாடினார். இரண்டாவதில் மூச்சு வாங்கிற்று. என்னைப் பார்த்து ஒலிவாங்கியை நீட்டினார். நான் யப்பான் சென்று வந்தவன் என்று எவரோ அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். எழுந்து போனேன். போகும் வழியில் கருவியை நடத்திய இளைஞரிடம், "தம்பி, மூன்று இறக்கிவிடும்" என்றேன். தந்தையும் தமையனும் வரும் கடைசிப் பகுதியை நாங்கள் இருவரும் சேர்ந்தே பாடினோம்.

திரும்பி வந்து இருக்கையில் அமர்ந்தபோது என் வகுப்புத் தோழர் பலகாரத் தட்டை என் பக்கம் தள்ளி, "சேவற்குஞ்சு, உழுந்து வடை ஆறுது, சாப்பிடும்" என்றார்.